முழங்கை மடிப்பு

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, மகளை அழைத்துப்போக வந்த ஹரிஷ்குமார் வாசலைத் தாண்டாமல் நின்று மூக்கை உறிஞ்சினான்.

சௌம்யா ரித்திகாவின் பையில் மாற்றுத் துணி வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவன் தலையை உள்ளே நீட்டி இன்னொரு முறை உறிஞ்சினான்.

“யார் வந்துட்டுப் போனது?”

“யாரும் வரல.”

“ஆம்பளை வாடை அடிக்குது.”

“சாம்பிள் வந்திருக்கு.” மேசையைக் காட்டினாள். விரல் உயரப் பழுப்புப் புட்டிகள் வரிசையாக நின்றன. “தோல், புகையிலை, கஸ்தூரி. தீபாவளிக்கு ஆம்பளைங்களுக்குக் கொடுக்கற மாதிரி கேட்டிருக்காங்க.”

“செண்ட் எது, வேர்வை எதுன்னு எனக்குத் தெரியாதா?” சிரித்தான். “நாலு நாள் போட்ட சட்டை. லேத்துல நிக்கறவன். இந்தத் தெருவுலயே புடிச்சிட்டியா, ஆட்டோ செலவு மிச்சம்னு?”

“குழந்தை நிக்கறா.”

“அதைத்தான் நானும் சொல்றேன். குழந்தை இருக்கற வீடு.”

அவன் பேச்சில் கோபம் இல்லை. ஒரு நிம்மதி இருந்தது. பிரிந்த நாளிலிருந்து அவன் ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தான். வாரநாட்களில் ரித்திகா அம்மாவிடம் இருந்தாள். சனி மாலையிலிருந்து ஞாயிறு மாலைவரை அப்பாவிடம். அடுத்த மாதம் குடும்ப நீதிமன்றத்தில், அவள் யாரிடம் வளர்வது என்று முடிவாகும்.

ரித்திகாவுக்கு ஆறு வயது. பையை மாட்டிக்கொண்டு செருப்பைக் கால் மாற்றிப் போட்டாள். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, படியிறங்கும் முன் திரும்பி அம்மாவுக்குக் கையசைத்தாள். பிறகு கூடத்துக்குள் பார்த்து இன்னொரு முறை அசைத்தாள்.

சோபாவில் அவளுடைய துணிக் கரடி கிடந்தது. சௌம்யா கதவைச் சாத்தினாள்.

*

அடுகோடியில் மாடிப் போர்ஷன். கூடம், சமையலறை, ஒரு படுக்கையறை. கீழே வீட்டுக்கார அம்மா. பின்தெரு முழுக்க லேத் பட்டறைகள், வாரத்தில் ஆறு நாளும் இரும்பு இரும்பைச் சீவும் ஓசை ஜன்னல் கம்பிகளில் நடுங்கிக்கொண்டிருக்கும், அதோடு சேர்ந்து சூடான எண்ணெயின் நெடியும் தெரு நாய்கள் நனைந்த நெடியும் ஏறி வரும். அதனால்தான் வாடகை குறைவு. அதனால்தான் ஜன்னல்களை அவள் திறப்பதில்லை.

இந்த வீட்டில்தான் அவள் மெழுகு வார்த்தாள். திரி வைத்தால் மெழுகுவர்த்தி. திரியில்லாமல் சிறு கட்டிகளாக வார்த்தால் மெல்ட். சின்ன மின்விளக்கின் மேலுள்ள கிண்ணத்தில் போட்டால் உருகி அறை முழுக்க மணக்கும். எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. மற்றதெல்லாம் சமையல். புட்டியில் ஒரு மாதிரி மணப்பது மெழுகில் வேறு மாதிரி மணக்கும், சூட்டில் இன்னொரு மாதிரி. வார்த்த கட்டிகள் இரண்டு வாரம் தட்டில் ஆற வேண்டும். அதுவரை மெழுகு பக்கத்தில் இருப்பதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெங்காயம் வதக்கினால் வெங்காயத்தை இழுக்கும். ஆகவே தட்டுகளைச் சமையலறைக்கு எட்டத்தில், படுக்கையறையில், கட்டிலின் கால்மாட்டில் இரும்பு அடுக்கில் வைத்திருந்தாள்.

மூக்கு சீக்கிரம் களைத்துவிடும். மூன்றாவது புட்டிக்கு மேல் எல்லாம் ஒன்றுதான். சிலர் நடுவில் காப்பிக் கொட்டையை மோப்பார்கள். காப்பியும் ஒரு வாசனைதானே என்றாள் அவளுக்கு இந்த வேலை கற்றுக்கொடுத்தவள். உன் தோலை மோந்து பார். முழங்கையின் உள்மடிப்பு. உன் மூக்குக்கு உன் உடம்பு தெரியாது. அதுதான் பூஜ்யம். அங்கே போய்விட்டுத் திரும்பி வா.

சௌம்யா இடது கையை மடக்கி மூக்கைப் புதைப்பாள். ஒரு மூச்சு. பிறகு அடுத்த புட்டி. தோலைத்தான் மோக்க வேண்டும். ஆனால் மெழுகு தெறிக்காமலிருக்க வேலை நேரத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் சுருட்டி விடச் சோம்பல். துணியோடு சேர்த்தே மோந்து பழகிவிட்டது. ரித்திகாவும் அதைச் செய்வாள். சாப்பிடும் முன். வீட்டுப்பாடத்துக்கு முன். அம்மா மாதிரி கண்ணை மூடிக்கொண்டு.

அந்த மாலை சட்டையை மாட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். தாள் துண்டில் ஒரு சொட்டு. ரோஜாவும் சந்தனமும் கலந்தது, இனிப்பு அதிகம். வெட்டிவேர், நல்லது, மண் இருக்கிறது. மடிப்பு. எலுமிச்சம்புல், கழிவறை நினைவு வரும், வேண்டாம். தோல், புதுச் செருப்புக் கடை. மடிப்பு. புகையிலையில் தேன் இருந்தது. கஸ்தூரியில் சோப்பு. ஹரிஷ் சொன்ன வேர்வை எதிலும் இல்லை. எல்லாவற்றையும் இரண்டாம் முறை மோந்தாள். அழுக்குச் சட்டை எங்கும் இல்லை.

பொய் சொல்கிறான் என்று நினைத்தாள். அது ஆறுதலாக இருந்தது.

போனில் ஒரு குரல் செய்தி காத்திருந்தது. ராஜலக்ஷ்மி, ஜெயநகரில் பரிசுப் பெட்டிகள் விற்பவள். சௌம்யா வார்ப்பதில் பாதி அவளுக்குத்தான் போகிறது.

“சௌம்யா, போன தடவை மல்லிகை மெல்ட் கொடுத்தியே, திருப்பிக் கொடுத்துட்டுப் போறாங்கம்மா. என்ன கலந்தே அதுல? முதல்ல மல்லி. நல்லா இருக்கு. கொஞ்ச நேரம் ஆனா, பக்கத்துல யாரோ சட்டையில்லாம வந்து உக்காந்த மாதிரி இருக்கு. நானே உருக்கிப் பாத்தேன். எங்க வீட்டுக்காரர் ரூமுக்குள்ள வந்து, யாரு வந்திருக்காங்கன்னு கேக்கறார். எனக்கு மானம் போச்சு. திங்கக்கிழமைக்குள்ள தீபாவளிக்கு நாலு வாசனை சொல்லு, சுத்தமா. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

அடுக்கிலிருந்து ஒரு மல்லிகைக் கட்டியை எடுத்து வந்து கிண்ணத்தில் போட்டாள். விளிம்புகள் முதலில் கண்ணாடியாயின, பிறகு நடு இறங்கியது, வாசனை மேசையைத் தாண்டி, சோபாவைத் தாண்டி, மூடிய ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தது. மல்லி. காத்திருந்தாள். மல்லி. கையை மடக்கி மோந்துவிட்டு மறுபடி மூச்சிழுத்தாள்.

மல்லி மட்டும்.

கதவை யாரோ தட்டினார்கள். கைவிரலால் இல்லை, சாவிக்கொத்தால்.

வீட்டுக்கார அம்மா அம்புஜம் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றிருந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். அவளுடைய கணவர் அரசாங்க வேலையில் இருந்து கட்டிய வீடு இது. அவர் போன பிறகு அவள் மாடிக்கு வருவதே இல்லை.

“மேல யாரு?”

“நான்தாம்மா.”

“நீ இருக்கறது தெரியும். கூட யாரு?”

“யாருமில்ல. ரித்துகூட அவங்கப்பாகூடப் போயிருக்கா.”

“குழந்தையை அனுப்பிட்டு, இல்லியா?” அம்புஜம் முந்தானையை இன்னும் இறுக்கினாள். “நோடம்மா, இங்க பாரு, தனியா இருக்கற பொண்ணுக்கு வீடு கொடுக்காதேன்னு எல்லாரும் தலைதலையா அடிச்சிக்கிட்டாங்க. நான்தான் கொடுத்தேன். ஆம்பளை தங்கக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?”

“உள்ள வந்து பாருங்க.”

அம்புஜம் வரவில்லை. அவள் பார்வை சௌம்யாவின் தோளுக்கு மேலாகக் கூடத்துக்குள் போய், ஒரு நொடி நின்று, திரும்பியது.

“பாத்துதான் தெரியணுமா? தினம் என் தலைக்கு மேல நடக்கறானே. செருப்பில்லாத காலு. உன் நடை எனக்குத் தெரியும், நீ தட்டுத் தட்டுன்னு வைப்பே. அது அப்படியில்ல. மெதுவா வைக்குது. கனமா. மேசைக்குப் போகுது, ரூமுக்குப் போகுது, மறுபடி மேசைக்கு.”

“அம்மா, அது—”

“பேடா, வேண்டாம். ஒண்ணும் சொல்லாதே. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு.”

அவள் இறங்கும் ஓசை நின்ற பிறகும் சௌம்யா கதவைப் பிடித்தபடி நின்றாள். வீடு போனால் முகவரி போகும். முகவரி போனால் நீதிமன்றத்தில் ஹரிஷ் எதுவுமே சொல்ல வேண்டியிருக்காது. ரித்திகா போய்விடுவாள்.

மூன்று பேர். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று மூக்குகள். அவளுக்குத் தெரியாதது மூவருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் எளிதான ஒன்று புரிந்தது. அவள் மூக்கு இந்த வீட்டிலேயே கிடக்கிறது. வீட்டில் என்ன இருந்தாலும் அதற்குத் தெரியாது. இருப்பது நாளாக ஆக, இன்னும் தெரியாது. மூக்கை வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

விளக்கை அணைத்தாள். வேலைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கதவைப் பூட்டும்போது உருகிய மெழுகு இன்னும் உறையவில்லை; கிண்ணத்தில் மெல்ல அசைந்தது, யாரோ மேசையை இடித்துவிட்டுப் போனது போல.

*

ஹெப்பகோடியில் தோழி சிந்து கதவைத் திறந்தாள். கட்டிப்பிடித்தாள். உடனே விட்டாள்.

“ஏய். யாருடி அவன்?”

“சிந்து, ப்ளீஸ்.”

“எங்கிட்டயாவது சொல்லேன். நான் என்ன கோர்ட்டா?” சிரித்தபடி ஓரடி பின்னால் போனாள். “ஆனா ஒரு சோப்பு வாங்கிக் கொடுடி அவனுக்கு. தாங்கல.”

“எப்படி இருக்கு? சரியா சொல்லு.”

அவள் கேட்ட விதத்தில் சிந்துவின் சிரிப்பு நின்றது. இருவரும் ஒரே ஊர், குடியாத்தம். ஒரே பேருந்தில் கல்லூரிக்குப் போனவர்கள். சிந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நெருங்கி மோந்தாள்.

“மெஷின் ஆயில். காயாத துணி. அப்புறம்...” தயங்கினாள். “வாய். பல்லு விளக்காத வாய் மாதிரி. கழுத்துகிட்ட வந்து மூச்சு விட்டா எப்படி இருக்கும், அப்படி.”

சௌம்யா தன் தோளை மோந்தாள். கழுத்துத் துணியை இழுத்து மோந்தாள். எதுவும் இல்லை.

தலைக்குக் குளித்தாள். சிந்து அவள் துணிகளை விரல் நுனியால் தூக்கி வாஷிங் மெஷினில் போட்டு, இரண்டு மூடி சோப்புத்தூள் கொட்டினாள். சந்தன சோப்பை அவள் கையில் திணித்து மறுபடி குளிக்கச் சொன்னாள். தன்னுடைய பச்சைச் சுடிதாரைக் கொடுத்தாள். ஆனால் படுக்கும்போது கட்டிலில் இடம் கொடுக்காமல் பாயை விரித்தாள், பாயையும் வாசற்கதவுப் பக்கமாக.

“தப்பா நினைக்காதே,” என்றாள்.

காலையில் சௌம்யாவுக்கு வாசனைகள் வந்துகொண்டிருந்தன. சிந்துவின் வீட்டு எறும்பு மருந்து. பக்கத்து வீட்டு மீன். குழாய்த் தண்ணீரின் துரு. ஒவ்வொன்றும் தனித்தனியாக, கழுவி வைத்த பாத்திரம் போல. எவ்வளவு நாளாகத் தனக்கு இவை இல்லை என்று யோசித்தாள்.

“போகணுமா?” என்றாள் சிந்து, மாலையில் பேருந்து நிறுத்தத்தில். “ரித்துவ அவங்கப்பா வீட்டுலயே ரெண்டு நாள் விடேன்.”

“விட்டா திரும்பத் தரமாட்டான்.”

*

ஞாயிறு. பட்டறைகள் மூடியிருந்தன. தெருவே காதை மூடிக்கொண்டது போல் இருந்தது. மழை வரப்போகும் வெளிச்சம், எல்லாவற்றையும் சாம்பலாக்கி ஆனால் இருட்டாக்காமல், படிக்கட்டில் கிடந்தது. ஹரிஷ் ஆறு மணிக்குள் ரித்திகாவைக் கொண்டுவந்து விடுவான். அரை மணி நேரம் இருந்தது. மூக்குக்குத்தான் நேரம் இல்லை. எந்த வாசனையும் கால் மணி நேரத்தில் பழகிவிடும். பிறகு அது இருந்தாலும் இல்லைதான்.

இரவல் உடை. இரவல் சோப்பு. சௌம்யா பூட்டைத் திறந்தாள்.

முதலில் மல்லிகையும் வெட்டிவேரும் சந்தனமும் ஒன்றாகக் கலந்து, பூக்கடை மூடிய பிறகு தரையில் கிடப்பது போன்ற ஒரு நெடியாக வந்தன. அதற்கு அடியிலிருந்து, கதவின் பின்னாலேயே காத்திருந்தது போல, மற்றது வந்தது. இரும்புத் தூள் ஒட்டிய எண்ணெய், பிழியாமல் சுருட்டி வைத்த துணி, நாள்கணக்கில் அலசாத தலை, எல்லாவற்றுக்கும் மேலே வாய். தூங்கி எழுந்த வாய். அதில் சூடு இருந்தது.

இதில்தான் இத்தனை நாள் சாப்பிட்டாள். இதில்தான் ரித்திகாவுக்குத் தலை வாரினாள்.

கதவைத் திறந்தே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆளைத் தேடினாள் முதலில். கட்டிலின் அடியில், குளியலறையில், பரணில், கதவுகளின் பின்னால். ஜன்னல்களில் கம்பி. பால்கனியில் துடைப்பமும் காலி டின்களும். ஆளில்லை. எங்கும் எதுவும் இடம் மாறவில்லை. சோபாவில் கரடி.

பிறகு மூக்கால் தேடினாள். சமையலறையில் குறைவு. கூடத்தில் அதிகம். படுக்கையறையில் இன்னும். அடுக்கிலிருந்து ஒரு ரோஜாக் கட்டியை எடுத்து உடைத்தாள். ரோஜா, உள்ளே அவன். சந்தனம், உள்ளே அவன். இரண்டு வாரம் இந்த அறையில் திறந்து கிடந்த மெழுகு. பக்கத்தில் இருப்பதை இழுத்துக்கொள்ளும் மெழுகு.

கட்டிலில் குனிந்தாள். அவள் தலையணையில் ஷாம்பூ. ரித்திகாவின் தலையணையில் பாலும் கிரேயானும். இரண்டுக்கும் நடுவே, தலையணை இல்லாத இடத்தில், விரிப்பில் மூக்கை வைத்தாள்.

நிமிர்ந்துவிட்டாள். கட்டிலைவிட்டுப் பின்னால் நடந்தாள். திரும்பி நடக்க மனம் வரவில்லை.

மேசை. நாற்காலி. நாற்காலியில் வாசனை இல்லை, அதன் இடதுபுறம்தான். வெறும் காற்றில். குனிந்தால் குறைந்தது. நின்றால் கூடியது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளின் மேல் ஒருவன் கவிந்து நின்றால் அவன் முகம் எங்கே இருக்குமோ, அங்கே.

ஆணியில் வேலைச் சட்டை தொங்கியது. நேற்று மாலை கழற்றி மாட்டியது. காலரை மோந்தாள், மெழுகு. வலது கை, மெழுகு. இடது கையைத் தூக்கினாள்.

முழங்கை மடிப்பு.

அங்கேதான். வேறெங்கும் இவ்வளவு இல்லை. இந்த வீட்டில் அது தொடங்கும் இடமே இதுதான் என்பது போல. அவள் நாள் முழுக்க மூக்கைப் புதைத்த இடம். தன் உடம்பு என்று நினைத்த இடம். பூஜ்யம் என்று நினைத்த இடம். ஒவ்வொரு புட்டிக்கும் நடுவே அவள் இதைத்தான் மோந்தாள். இதை மோந்து, இதை எல்லாவற்றிலிருந்தும் கழித்தாள். வேறொருவனும் இங்கே மூக்கைப் புதைத்திருக்கிறான். வாயையும்.

துணி ஈரமாக இருந்தது.

நேற்று மாலை கழற்றியது. இன்னும் ஈரம். வெதுவெதுப்பான ஈரம்.

சட்டை அவள் கையிலிருந்து விழுந்தது.

வெளியே மழை தொடங்கியது. கூரைத் தகரங்களில் முதல் சொட்டுகள். அவள் அசையாமல் நின்றாள். வாசனை குறைந்துகொண்டிருந்தது. தெரிந்தது. எண்ணெய் போனது. துணி போனது. வாய் மட்டும் மெலிதாக நின்று, அதுவும் போனது.

போய்விட்டதா. பழகிவிட்டதா.

தெரிந்துகொள்ள ஒரே வழிதான் அவளுக்குத் தெரியும். இடது கையை மடக்கினாள். வெறும் தோல். சந்தன சோப்பு. ஒரு மூச்சு. நிமிர்ந்தாள்.

வாசனை. மேசைப் பக்கம்.

மறைந்தது.

மடிப்பு. சோப்பு. நிமிர்ந்தாள்.

சோபாப் பக்கம். வாசலுக்கும் அவளுக்கும் நடுவே.

மறைந்தது. கண்ணைச் சிமிட்டுவது போல இருந்தது, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் இடையே அது இடம் மாறியது. கண்ணெதிரே ஒன்றுமில்லை. கூடம். மழை வெளிச்சம். கரடி.

மடிப்பு. சோப்பு. நிமிர்ந்தாள்.

முன்னால். மிக அருகில். வாய்.

பின்னால் நகர்ந்தாள். சுவர். மடிப்பு. சோப்பு.

சோப்புக்கு அடியில் ஏதோ.

இல்லை. இன்னொரு முறை. சோப்பு கொஞ்சம். அடியில் அது. கொஞ்சமில்லை.

நிமிர்ந்தாள். மூச்சிழுத்தாள். கூடத்தில் ஒன்றுமில்லை. மல்லிகைகூட இல்லை. மழை வாசனைகூட இல்லை. எதுவும் இல்லை. நேற்று வரை எப்படி இருந்ததோ, அப்படி.

இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

படிக்கட்டில் செருப்பு ஓசை. இரண்டு ஜோடி. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னது கால் மாற்றிப் போட்டது, இழுபட்டுக்கொண்டு வந்தது.

“அம்மா! மழை!”

“மெதுவா ஏறு ரித்து,” என்றது ஹரிஷின் குரல். “வழுக்கும்.”

திறந்த கதவு. ஓடிப்போய்ச் சாத்தலாம். சாத்தினால் ஏன் என்று கேட்பான். உள்ளே விட்டால் ரித்திகா சோபாவுக்குப் போவாள், கரடியை எடுப்பாள், தூக்கம் வந்தால் கட்டிலுக்குப் போவாள். இரண்டு தலையணைகள். நடுவில் இடம்.

சுவரை விட்டு விலகி வாசலுக்கு நடந்தாள். நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

ஹரிஷ்குமார் மேல்படியில் நனைந்த குடையை உதறினான். ரித்திகா அவன் காலுக்குப் பின்னால் இருந்தாள், முடியெல்லாம் துளிகள். அவன் அவளைப் பார்த்தான். பச்சைச் சுடிதாரைப் பார்த்தான். கூந்தலை அள்ளி முடிந்திருந்த விதத்தைப் பார்த்தான். பிறகு மூக்கை உறிஞ்சினான்.

“நேத்தைவிட இன்னிக்கு ஜாஸ்தி.”

“ஹரிஷ், ரித்துவக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

அவன் குடையை உதறுவதை நிறுத்தினான். “என்ன?”

“உங்ககூடவே இருக்கட்டும். நானா சொல்றவரைக்கும்.”

இதை அவன் நீதிமன்றத்தில் சொல்வான். வார்த்தைக்கு வார்த்தை சொல்வான். குழந்தையை வாங்க மறுத்தாள், உள்ளே யாரோ இருந்தான், வாசலை மறித்து நின்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே சொன்னாள்.

“ஏன்?” அவன் ஒரு படி ஏறினான். சிரிப்பு உதட்டில் வந்துவிட்டிருந்தது. “உள்ள யாரு இருக்கா?”

“யாருமில்ல. போங்க.”

“நகரு. பாக்கறேன்.”

“ஹரிஷ், போங்க. அவளைத் தூக்கிட்டுப் போங்க. கீழ போங்க.”

அவள் குரல் உடைந்ததைக் கேட்டு அவன் நின்றான். ரித்திகா அவன் கால் மறைவிலிருந்து தலையை நீட்டினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சற்றுக் கீழே, அம்மாவின் இடதுபுறம் பார்த்தாள்.

சௌம்யா குனிந்து பார்த்தாள்.

அவள் இடது கை பாதி உயர்ந்து மடங்கியிருந்தது. அவள் மடக்கவில்லை. முழங்கை மடிப்பில், புல்லரித்து நின்ற ரோமங்கள் ஒரு பக்கமாகப் படிந்தன. நிமிர்ந்தன. மறுபடி படிந்தன.

ரித்திகா கையசைத்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

“அம்மா, அங்கிள் ஏன் இன்னிக்கு உன் கைய மோந்து பாத்துக்கிட்டே இருக்காரு?”